சேற்றில் நிறுத்திய மிருகம்

மேசையிலிருந்த புதைபடிவத் தாடையைக் குனிந்து பார்த்தேன். பல்லும் தந்தமும் புதுப் பீங்கான் கோப்பை போலப் பளபளத்தன. வார்னிஷ் வாசனை இன்னும் போகவில்லை.

"எப்படி இருக்கு? நீ லீவு முடிஞ்சு வரும்போது அசந்து போகணும்னு உட்கார்ந்து தேய்ச்சேன்" என்றான் அண்ணன். எங்கள் அருங்காட்சியகத்தில் புதைந்த எலும்புகளைக் கல்லிலிருந்து பிரித்தெடுப்பவன் அவன். அந்த விலங்குகள் எதைத் தின்று வாழ்ந்தன என்று கண்டுபிடிப்பது என் வேலை.

"யாரு தேய்க்கச் சொன்னா?"

"இயக்குநர்தான். திறப்பு விழாவுக்கு மின்னணும்னாரு. ஏன், என்ன ஆச்சு?"

என்ன ஆச்சா? இந்த மிருகத்துக்கு நான்கு தந்தங்கள். கீழ்த்தாடையில் இருப்பவை இரண்டும் மண்வெட்டி போலத் தட்டையானவை. யானையின் பாட்டன் என்பார்கள். பாட்டனும் இல்லை, பூட்டனும் இல்லை. வாரிசில்லாமல் போன ஒன்றுவிட்ட சித்தப்பா. அந்த மண்வெட்டியைப் பார்த்ததும் சேற்றைத் தோண்டிச் செடி தின்றது என்று எவரோ படம் வரைந்துவிட்டார்கள். அன்றிலிருந்து பாவம், அதைச் சேற்றை விட்டு ஏற விடவில்லை.

லீவுக்கு முந்தைய நாள் தந்தத்தின் நுனியை நுண்ணோக்கியில் பார்த்தேன். கிளையையும் பட்டையையும் அறுத்தால் விழும் கீறல்கள். இன்றைய யானைக்குப் புல் அரைக்க வரிவரியான கடைவாய்ப் பல். இதற்குக் குமிழ் குமிழான பல். அந்தக் குமிழ்களின் இடுக்கில் அழுக்கு கல்லாய் இறுகிக் கிடந்தது. அது கடைசியாகத் தின்ற இலையின் துகள் அதற்குள்தான் இருந்திருக்கும். மகளுக்குக் காய்ச்சல் என்று கிளம்பும்போதுகூட, பல்லுக்கும் தந்தத்துக்கும் அச்சு எடுக்காமல் யாரும் தொடக்கூடாது என்று இயக்குநரிடம் நேரில் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

எல்லாவற்றையும் அண்ணனிடம் கொட்டினேன். அவன் முகம் செத்துப்போயிற்று.

"என்கிட்ட அவர் சொல்லவே இல்லையேம்மா."

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே!" என்று கத்தினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அது என் எரிச்சலை இன்னும் கூட்டியது.

இயக்குநர் பெரிய கூடத்தில் இருந்தார். நடுவில் செயற்கைக் குளம், பிசினில் செய்த சேறு, அதில் முழங்கால்வரை புதைந்து ஃபைபர் மிருகம்.

"நான் சொல்லிட்டுப் போனது ஞாபகம் இருந்துச்சா இல்லையா சார்?"

"இருந்துச்சு மேடம். கீறலைப் பார்த்து மரம் தின்னுச்சுன்னு சொல்லுவீங்க. அப்புறம் குளத்தை உடைக்கச் சொல்லுவீங்க. செத்துக் கோடி வருஷம் ஆன ஜந்து, அது வந்து கேஸ் போடப்போகுதா?" சிரித்தார். "விளக்கப் பலகைக்கு வாசகம் எழுதிக் கொடுங்க. சேற்றில் செடி தோண்டித் தின்றதுன்னு."

அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தேன்: 'இந்த விலங்கு என்ன தின்றது என்று சொல்ல முடியாது. தடயம் இதன் பல்லில் இருந்தது. அதைத் தேய்த்து அழித்துவிட்டோம்.'

படித்தவர் சிரிப்பை நிறுத்தினார். "இதை மாட்டினா உங்க அண்ணன் வேலைதான் போகும். தேய்ச்சது அவர் கை." காகிதத்தை என்னிடமே நீட்டிவிட்டு, வாசலில் வந்து இறங்கிய விருந்தினர்களை வரவேற்கப் போனார்.

அயோக்கியன். எங்கே அடித்தால் வலிக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. கிழித்துப் போடுகிற எண்ணத்தோடுதான் அண்ணனின் அறைக்குப் போனேன். அவன் என் கையிலிருந்து வாங்கிப் படித்தான். இயக்குநர் சொன்னதையும் சொன்னேன்.

"யார் சொல்லித் தேய்ச்சோம்னு இதுல இல்லையே" என்றான்.

"அண்ணா, உன் வேலை..."

"எழுதும்மா."

இயக்குநரின் உத்தரவுப்படி என்று சேர்த்து, வெள்ளைப் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினேன். அவன் பலகையை ஒரு கையிலும் துளையிடும் கருவியை மறுகையிலும் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு நடந்தான். இயக்குநர் விருந்தினர்களுக்குக் குளத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் அவர்களிடம் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு, சுவரில் துளைபோட ஆரம்பித்தான்.