கண்மட்டம்

முனிரத்தினத்தின் வாழைத் தோட்டத்தில் பெருச்சாளித் தொல்லை இருந்தது உண்மைதான். ஆனால் அதற்காகத்தான் ஜாபர் ஏர் ரைபிள் வாங்கினார் என்று சொன்னால் அவருடைய மனைவி ஜஹீராவே சிரித்துவிடுவாள். நாற்பத்தேழு வயதில் ஒரு மனிதருக்குத் துப்பாக்கி ஆசை வந்துவிட்டால், அதற்குத் தோதாக ஒரு பெருச்சாளி எங்கிருந்தாவது வந்து சேர்ந்துவிடும்.

குன்றத்தூர்ப் பக்கம் முனிரத்தினத்துக்கு, மனை போட்டு விற்றது போக ஒரு ஏக்கர் மிச்சம் இருந்தது. அதில் வாழை வைத்திருந்தார். பெருச்சாளிகள் கிழங்கைக் குடைந்து வாரத்துக்கு நாலு மரத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தன.

"பொறி வச்சாச்சு, மருந்து வச்சாச்சு, ஒண்ணுத்துக்கும் மசியல பாய். ஒவ்வொண்ணும் பூனை சைஸ்ல கீது," என்று டீக்கடையில் ஜாபரிடம் புலம்பினார். "நீதான் கண்ணாலயே மயிரிழை அளக்குற ஆளாச்சே. ஒரு துப்பாக்கி வாங்கிகினு வா. ஞாயித்துக்கெழம பொழுது சாயச்சொல்ல வெளிய வரும். வரிசையா போட்டுத் தள்ளு."

"முயல் கியல் ஏதாவது இருக்கா?"

"முயலு மேல கைய வச்சா ஃபாரஸ்ட்காரன் நம்ம ரெண்டு பேரையும் உள்ள தள்ளிடுவான். நீ பெருச்சாளியோட நிறுத்திக்க."

மயிரிழை அளக்கிற ஆள் என்று முனிரத்தினம் சொன்னது வெறும் ஐஸ் இல்லை. தாம்பரம் மேற்கில், முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், ஜாபர் இருபத்தைந்து வருடமாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். கடைந்து முடித்த இரும்புத் தண்டை, ஷாஃப்டை, கையில் எடுப்பார். ஒரு முனையை முகத்துக்கு நேரே வைத்து, இடது கண்ணை மூடி, வலது கண்ணால் அதன் நீளத்துக்கும் ஒரு பார்வை பார்ப்பார். "நடுவுல ஒரு மயிரு தூக்கியிருக்கு" என்பார். வைத்து அளந்து பார்த்தால் தூக்கித்தான் இருக்கும். எப்போதோ ஒரு கம்பெனி இன்ஸ்பெக்ஷனுக்காக வாங்கிய டயல் கேஜ் ஒன்று அலமாரியில் டப்பாவோடு கிடந்தது. இரும்பு எவ்வளவு வளைந்திருக்கிறது என்று முள் வைத்துக் காட்டும் கருவி அது. யாராவது அதை எடுக்கப் போனால், "எனக்கு அல்லாஹ் குடுத்த கேஜ் போதும்" என்று தடுத்துவிடுவார். அந்தக் கண்மட்டத்தில் அவருக்குக் கர்வம் உண்டு, அதை அவர் மறைத்ததும் இல்லை.

துப்பாக்கி வந்த வாரத்தில் அவருக்குப் பட்டறையில் வேலை குறைவு. இரண்டு லேத்தில் ஒன்று ஓடவில்லை. அதில் பதினோரு வருடமாக நின்ற தனசிங், பத்து நாளைக்கு முன்பு சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லை.

நடந்தது இதுதான். பொத்தேரிப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனிக்கு ஏழு ஷாஃப்ட். தனசிங் கடைந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான். ஜாபர் வழக்கம்போல எடுத்துப் பார்த்தார். ஏழும் நடுவில் வளைவு. ஒன்று தேறாது என்று மூலையில் எறிந்துவிட்டு, மற்ற ஆறையும் செம்புச் சுத்தியால் தட்டித் தட்டித் தன் கண்ணுக்கு நேராகும்வரை நிமிர்த்தி அனுப்பினார். மூன்றாம் நாள் ஆறும் திரும்பி வந்தன. மோட்டாரில் மாட்டினால் ஆடுகிறதாம்.

ஜாபருக்குக் கோபம் தலைக்கேறியது. பக்கத்து வெல்டிங் கடைக்காரர்கள், டீ கொண்டுவந்த ஜெயக்கொடி, எல்லோரும் பார்க்க வாசலில் நின்று கத்தினார்.

"உன் கோணலை நான் தட்டி நிமிர்த்தியும் நிக்கல. உன் கை போயிடுச்சு தனசிங்."

"நான் கடைஞ்சப்போ நேராத்தான் இருந்துச்சு பாய். வேணும்னா டயல் கேஜ்ல வச்சுப் பாருங்க."

அந்தக் கடைசி வார்த்தையை அவன் சொல்லியிருக்கக் கூடாது. "என் கண்ணுக்கே கேஜ் வைக்கிறியா நீ?" என்றார் ஜாபர். தனசிங் உள்ளே போய்ச் சாப்பாட்டு டப்பாவை எடுத்தான். கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

இரண்டு நாளில் வந்துவிடுவான் என்று ஜாபர் நினைத்தார். வரவில்லை. போன் செய்ய மனசு வரவில்லை. திங்கட்கிழமை நகரத்துக்குப் போய்த் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வந்தார்.

துப்பாக்கியை வாங்கியதும் சுடக் கிளம்புகிறவன் அவசரக்காரன். ஜாபர் அப்படி இல்லை. முதலில் தோளில் பதியும் கட்டையைப் பிடித்திருக்கும் திருகுகளை ஒவ்வொன்றாக இறுக்கினார். குழலுக்குள் கம்பெனியில் பூசிய எண்ணெய் அப்படியே இருந்தது. தூண்டில் நரம்பில் பனியன் துணித் துண்டைக் கட்டி, குழலின் ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் இழுத்தார். முதல் துணி கன்னங்கரேலென்று வந்தது. பதினெட்டாவது துணி வெள்ளையாக வரும்வரை விடவில்லை.

"வீட்டுல ஒரு ஜன்னலைத் துடைச்சிருக்கீங்களா இப்படி?" என்று கேட்டாள் ஜஹீரா.

பட்டறைக்குப் பின்னால் இருபது மீட்டர் நீளத்துக்கு ஒரு காலி இடம், அதன் கடைசியில் மதில். மதிலை ஒட்டி மணல் மூட்டைகளை அடுக்கி, முன்னால் அட்டை மாட்டினார். முதல் இருபது குண்டுக்கு, உள்ளே மிச்சமிருந்த எண்ணெய் எரிந்து குழல் வாயில் புகை வந்தது. ஸ்பிரிங் படிய இருநூறு குண்டாவது போக வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். செவ்வாயும் புதனும் சாயங்காலங்களில் அதைச் செய்து முடித்தார். குறி பார்க்காமல் சும்மா மணலில் சுடுவதுதான். அந்த நேரத்தில் தனசிங் நினைப்பு வராமல் இருந்தது.

வியாழக்கிழமை, குறி பார்க்கும் கண்ணாடிக் குழாயான ஸ்கோப்பைத் துப்பாக்கிமேல் மாட்டினார். அதன் வழியே பார்த்தால் ஒரு பிளஸ் குறி தெரியும். அது சேரும் இடத்தில் குண்டு போய் விழ வேண்டும். மேலே ஒரு திருகு, பக்கத்தில் ஒரு திருகு. சுட்டுப் பார்த்துத் திருகி, திருகிச் சுட்டு, குறியையும் குண்டையும் ஒன்று சேர்ப்பதுதான் வேலை. லேத்காரனுக்கு இதெல்லாம் வெல்லக்கட்டி.

இடது கண்ணை மூடி, வலது கண்ணை ஸ்கோப்பில் வைத்தார். பிளஸ் குறியின் படுக்கைக் கம்பி நடுவில் வளைந்திருந்தது. அட்டையில் போட்ட கறுப்புப் புள்ளிமேல் வேறு ஏதோ அழுக்கு மாதிரி ஒரு சாம்பல் நிறம். கண்ணாடியைத் துடைத்தார், போகவில்லை. சுட்டால் குண்டு திசைக்கொன்றாகப் போனது.

"காசு வாங்கிட்டுக் கோணல் சாமானைத் தலையில கட்டிட்டான்," என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டுத் தாம்பரத்தில் ரயில் பிடித்து நகரத்துக்குப் போய் ஸ்கோப்பைக் கடையில் நீட்டினார். கடையில் மூன்று பேர் மாறி மாறிப் பார்த்தார்கள். மூன்று பேரும் நேராகத்தான் இருக்கிறது என்றார்கள். ஜாபருக்கு அவர்கள்மேல் பரிதாபம்தான் வந்தது. இந்தத் தொழிலில் இருந்துகொண்டு இவ்வளவு மொண்ணைக் கண்ணோடு இருக்கிறார்களே என்று. அவர் விடுகிற மாதிரி இல்லை என்று தெரிந்ததும், சீல் பிரிக்காத வேறு ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள்.

சனிக்கிழமை காலை அதை மாட்டிப் பார்த்தார். அதே கம்பி, அதே இடத்தில், அதே வளைவு.

முதலில் கம்பெனியையே திட்டினார். முனிரத்தினத்துக்குப் போன் போட்டு வரவழைத்தார். முனிரத்தினம் பைக்கை நிறுத்திவிட்டு வந்து குனிந்து பார்த்தார்.

"ஸ்கேல் வச்சு இழுத்தா மாதிரி நேரா கீது பாய். இன்னா பேஜார் பண்ற?"

"உனக்கு வயசாயிடுச்சு," என்றார் ஜாபர்.

"உன்னைவிட ரெண்டு வருசம் சின்னவன் நான்," என்று முனிரத்தினம் சிரித்துவிட்டு, நாளைக்கு மறக்காமல் வா என்று சொல்லிக் கிளம்பினார்.

மதியம் ஜஹீரா சாப்பாடு கொண்டுவந்தாள். ஜாபர் மணல் மூட்டைக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து துப்பாக்கியை முறைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவளும் குனிந்து பார்த்தாள்.

"நேராத்தாங்க இருக்கு. புள்ளியும் பளிச்சுனு தெரியுது."

"அழுக்கு மாதிரி ஒண்ணு தெரியல?"

"ஒண்ணும் இல்லையே." அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "அந்தக் கண்ணை மூடிட்டு, இந்தக் கண்ணுல பாருங்க."

இருபத்தைந்து வருடத்தில் ஜாபர் எதையும் இடது கண்ணால் குறி பார்த்ததில்லை. கழுத்தைச் சங்கடமாகச் சாய்த்து, வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, இடது கண்ணை வைத்தார். கம்பி நேராக இருந்தது. புள்ளி கறுப்பாக, ஓரம் சுத்தமாக இருந்தது. கண்ணை மாற்றினார், வளைந்தது. மாற்றினார், நிமிர்ந்தது. நாலைந்து முறை மாற்றினார். அதற்குமேல் மாற்றிப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

இரண்டு கண்ணும் திறந்திருக்கையில் நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மூடிக்கொண்டது. ரோடு நேராகத் தெரிந்தது, ஜஹீராவின் முகம் ஒழுங்காகத் தெரிந்தது. ஒற்றைக் கண்ணால் பார்க்கும்போதுதான் வளைவு. ஒற்றைக் கண்ணால் அவர் பார்த்ததெல்லாம் ஷாஃப்ட்டுகளைத்தான்.

சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமல் எழுந்து பட்டறைக்குள் போனார். அலமாரியிலிருந்து டயல் கேஜ் டப்பாவை எடுத்தார். மேலே இருந்த தூசியைச் சட்டையாலேயே துடைத்தார். மூலையில் கிடந்த அந்த ஏழாவது ஷாஃப்டை, தேறாது என்று அவர் எறிந்ததை, இரண்டு தாங்கிகளின்மேல் வைத்து, கேஜின் முனையை அதன் நடுவில் தொட வைத்து, மெதுவாகச் சுற்றினார். முள் அசையவில்லை. இன்னொரு முறை முழுசாகச் சுற்றினார். கேஜ் கெட்டுப்போயிருக்குமோ என்று விரலால் முனையை அழுத்தினார், முள் துள்ளியது. ஷாஃப்டைச் சுற்றினால் மட்டும் செத்த மாதிரி நின்றது.

திரும்பி வந்த ஆறில் ஒன்றை எடுத்து வைத்தார். அரைச் சுற்றில் முள் ஒரு பக்கம் ஓடி, மறுபாதியில் திரும்பி வந்தது. ஆறையும் வைத்துப் பார்த்தார். ஆறிலும் செம்புச் சுத்தியின் தடம் இருந்தது.

ஜாபருக்குப் பயமாக இருந்தது. கண் இல்லாவிட்டால் அவருக்குப் பட்டறை இல்லை, வேறு தொழிலும் தெரியாது. ஆனால் பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. கதவருகே நின்ற ஜஹீராவிடம், "தனசிங் கரெக்டா கடைஞ்சிருக்கான்" என்றார். அவள் சாப்பாட்டை எடுத்து வைத்தாள். அவர் பாதிதான் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தனசிங் சர்ச்சுக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்தபோது, பெருங்களத்தூரில் அவன் வீட்டு வாசலில் ஜாபர் நின்றுகொண்டிருந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஏழாவது ஷாஃப்ட். தனசிங்கின் மனைவி ரோஹிணி உள்ளே வரச் சொன்னாள். ஜாபர் உட்காரவில்லை.

"கேஜ்ல வச்சுப் பார்த்தேன். முள்ளு அசையல," என்றார்.

தனசிங் ஷாஃப்டைப் பிரித்து, கையில் வைத்து உருட்டிப் பார்த்தான்.

"எந்தக் கண்ணு பாய்?"

ஜாபர் அதை எதிர்பார்க்கவில்லை. "வலது. உனக்குத் தெரியுமா?"

"ரெண்டு மாசமா எல்லாத்தையும் வளைவுன்னு சொல்லிட்டே இருந்தீங்க. போன மாசம் புதுசா வாங்கின ஸ்கேலைக்கூட வளைவுன்னீங்க. சந்தேகம் இருந்துச்சு. சொன்னா கேக்குற ஆளா நீங்க?"

"இல்ல," என்றார் ஜாபர். "துப்பாக்கி வந்து சொன்னப்புறம்தான் கேட்டேன். அதுவரைக்கும் கோளாறு உன்கிட்டதான்னு நினைச்சேன். மன்னிச்சுக்க."

தனசிங் ஷாஃப்டைத் திரும்பக் காகிதத்தில் சுற்றினான். ரோஹிணி கொண்டுவந்த டீயை வாங்கி அவரிடம் நீட்டினான்.

"இங்க சொன்னா என் சம்சாரத்துக்கு மட்டும்தான் கேக்கும் பாய். நீங்க என்னைப் பேசினது ரோட்டுல. பதினோரு வருஷமா அந்த சந்துல தலை நிமிர்ந்து நடந்தவன் நான்."

ஜாபர் டீயைக் குடித்துவிட்டு, ஷாஃப்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்குப் பட்டறைக்கு வா" என்றார்.

அன்று சாயங்காலம் முனிரத்தினம் மூன்று முறை போன் செய்தார். மூன்றாவது முறை ஜாபர் எடுத்து, இன்றைக்கு வரவில்லை, நான் சுட்டால் வாழைமரம்கூடத் தப்பாது என்றார். முனிரத்தினம் அதை ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தனசிங் தன் பைக்கில் சந்துக்குள் வந்தபோது, பட்டறை வாசலில் ரோட்டை ஒட்டி ஒரு மேஜை கிடந்தது. அதன்மேல் டயல் கேஜ், பக்கத்தில் ஏழு ஷாஃப்ட். ஜாபர் வெல்டிங் கடையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டார். டீ டம்ளர்களோடு வந்த ஜெயக்கொடியை நிற்கச் சொன்னார். என்ன கூட்டம் என்று பார்க்க எதிர் கடைக்காரரும் வந்துவிட்டார்.

ஏழாவது ஷாஃப்டை வைத்துச் சுற்றினார். முள் நின்றது. மற்றதில் ஒன்றை வைத்துச் சுற்றினார். முள் ஓடியது.

"இது தனசிங் கடைஞ்சது. இது அதுக்கப்புறம் நான் தட்டினது," என்றார். சந்து முழுக்கக் கேட்கிற மாதிரிதான் பேசினார். "அன்னைக்கு இவன் கை போயிடுச்சுன்னு இதே இடத்துல கத்தினேன். போனது என் கண்ணு."

ஜெயக்கொடி ஒரு டீயை எடுத்து முதலில் தனசிங்கிடம் கொடுத்தார்.

தனசிங் அதை இரண்டே மடக்கில் குடித்துவிட்டு, கேஜைத் துடைத்து டப்பாவில் வைத்தான். அலமாரிக்குக் கொண்டுபோகாமல், லேத்துக்குப் பக்கத்தில் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு வந்தான். பைக்கை உதைத்துக் கிளப்பி, இன்னொரு ஹெல்மெட்டை நீட்டினான்.

"ஏறுங்க பாய். கண்ணாஸ்பத்திரில பத்து மணிக்குள்ள டோக்கன் முடிஞ்சிடும்."