தவக்காலத்தில் வீசிய கேக் வாசம்

அமிர்தநாயகம் சிரித்ததைக் கண்டேன் என்று சொல்ல ஓலைத்தொடுவாயில் ஒரு சாட்சியும் இல்லை. நெடிய உருவம், கறுத்த மீசை, கடலுக்கு அப்பால் நிற்பவனைக் கூப்பிடுவது போன்ற குரல். "தேத்தண்ணி இருக்கோ?" என்று சாதாரணமாகக் கேட்டாலே, ஆமிக்காரன் வந்துவிட்டான் என்று வீட்டுக்காரர் அடையாள அட்டையைத் தேடுவார்கள். போதாததற்குக் கருவாட்டு வியாபாரம். ஆள் வருமுன்னே வாசம் வந்து வாசலில் நிற்கும்.

இந்த மனிதருக்குத்தான் தையல் படிப்பிக்கும் றோஸ்மேரி ரீச்சரில் விருப்பம். அதுவும் நான்கு வருடமாக. ஒவ்வொரு முறையும் "என்னைக் கட்டுவீங்களோ?" என்று கேட்கவே போவார். றோஸ்மேரி கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை பார்ப்பாள். இவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். "நல்ல கட்டாக் கருவாடு, ரீச்சர்" என்று பொதியை நீட்டிவிட்டுத் திரும்பிவிடுவார். அவளுடைய அடுப்படியில் தொங்கிய கருவாட்டை வைத்து ஒரு கடையே போட்டிருக்கலாம்.

அந்த வருடம் தவக்காலத்தில் ஒரு செய்தி வந்தது. நீர்கொழும்பில் இருக்கும் தமக்கை கூப்பிட்டாளாம், றோஸ்மேரி ஆமியிடம் பயணப் பாஸும் எடுத்துவிட்டாளாம், உயிர்த்த ஞாயிறு முடிய வெளிக்கிடுகிறாளாம். சண்டைக் காலத்தில் தீவை விட்டுப் பாலத்தைத் தாண்டிப் போனவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு. அமிர்தநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை. இனிப் பொறுக்க முடியாது, கேட்டே ஆக வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் கருவாட்டு லொறி ஓட்டும் லோறன்ஸ் கொழும்பிலிருந்து ஒரு சின்னப் பெட்டியோடு வந்து இறங்கினான்.

"அண்ணை, பாரிசில இருந்து உங்கட தங்கச்சி கிறேஸ் அக்கா ஆள் மூலம் குடுத்துவிட்டவ."

"என்னடா இது, இருமல் மருந்தோ?"

"சென்ற் அண்ணை, மேலில பூசுற வாசனைச் சென்ற். அங்க கடையில சும்மா எடுத்துத் தரமாட்டினமாம். ஆளின்ர குணத்தை விசாரிச்சுத்தான் தருவினமாம்."

"என்ர குணத்தை அவள் என்னெண்டு சொன்னவளாம்?"

லோறன்ஸ் ஓரடி பின்னால் நகர்ந்தான். "பாத்தாப் பயமா இருக்கும், உள்ளுக்குப் பனங்கட்டி எண்டு சொன்னவவாம். உடன கடைக்காரி இதை எடுத்து நீட்டினவளாம். சிரிச்சுக் கதைச்சு, ஆக்களைக் கட்டிப்பிடிச்சுக் கொஞ்சிற குணத்துக்குத்தான் இது பொருந்துமாம்."

"நான் ஆரையடா கொஞ்சினனான்?"

"அதைத்தான் அண்ணை நானும் வழி முழுக்க யோசிச்சுக்கொண்டு வந்தனான்."

மூடியைத் திறந்ததும் அமிர்தநாயகம் ஏமாந்துபோனார். சந்தனமோ அத்தரோ, மீசைக்கு ஏற்ற ஏதோ ஒன்று வருமென்றுதான் நினைத்திருந்தார். வந்ததோ கருக்கிய சீனி, பட்டர், வனிலா. வெதுப்பகத்தில் கேக் வேகும் போறணை அடுப்பின் கதவைத் திறந்து அதற்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் பாரிசிலிருந்து வந்த சாமான். கருவாட்டை மறைத்தால் போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். எவ்வளவு பூசுவது என்பதுதான் தெரியவில்லை. அவர் பிறந்த நாள் முதல் போத்தலிலிருந்து எடுத்துப் பூசியது நோவுத் தைலம் மட்டுமே. ஆகவே கழுத்து, நெஞ்சு, முதுகு, கடைசியாக இரண்டு முழங்கால்களுக்கும் அடித்துத் தேய்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதை முடிந்ததும் றோஸ்மேரியிடம் கேட்பதென்று முடிவு. ரீச்சருக்கென்று எடுத்து வைத்த கருவாட்டுப் பையோடு, பழக்கதோசத்தில்தான், கோயிலுக்குப் புறப்பட்டார்.

வழியில் ஆமிக்காரனின் காவலரண். அங்கே நின்ற பெடியனுக்கு மூக்கு விரிந்தது.

"மாத்தயா, கேக் தியெனவாத?"

கேக் இருக்கிறதா என்று கேட்கிறான். அமிர்தநாயகம் பையைத் திறந்து காட்டினார். பெடியன் பையை மணந்தான், அமிர்தநாயகத்தை மணந்தான், திரும்பவும் பையை மணந்தான். பிறகு, வீட்டு ஞாபகம் வந்தவன்போல முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, போகும்படி கையைக் காட்டினான்.

கோயிலுக்குள் நிலைமை இன்னும் மோசம். காலையிலிருந்து ஒருசந்தி நோன்பிருந்து காய்ந்துபோன வயிறுகள். சீனி என்பது ஒரு கரண்டி தேத்தண்ணிக்குக் கிடைத்தாலே பெருநாள் என்றிருந்த காலம். அதற்கு நடுவில் அமிர்தநாயகம் நடந்து வர, பட்டர் கேக் ஒன்று வேட்டி கட்டி வந்து முழந்தாளிட்டதுபோல் இருந்தது. பிள்ளைகள் பெஞ்சுக்குக் கீழே தேடினார்கள். ஒரு கிழவரின் வயிறு "எங்கள் மேல் தயவாயிரும்" என்ற இடத்தில் தனியாகப் பதில் சொன்னது. சுவாமி எட்டாம் ஸ்தலத்தை இரண்டு தடவை வாசித்தார்.

முன்வரிசையில் இருந்த திரேசம்மாதான் முதலில் முடிவுக்கு வந்தாள். இவர் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரி. தவக்காலத்தில் ஒருவர் வீட்டில் கேக் போடுகிறார்கள் என்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தந்தான் உண்டு. தவக்காலத்தில் கலியாணம் கிடையாது. ஆனால் கலியாணக் கேக்கை முன்கூட்டியே போட்டு ஊற வைப்பார்கள். உயிர்த்த ஞாயிறு முடிய அமிர்தநாயகத்துக்குக் கலியாணம்!

கோயில் வாசலைத் தாண்டுவதற்குள், பெண் அக்கரையில் இருக்கும் அரிப்பு என்ற ஊர்க்காரி என்றானது. கிணற்றடிக்குப் போனபோது அவளுக்கு நீளமான தலைமயிர் முளைத்தது. வீட்டு வேலிகளை எட்டியபோது அவளை வள்ளத்தில் கூட்டி வருவதா, பாஸ் எடுத்துத் தரைவழியாகவா என்று வாக்குவாதம் நடந்தது.

"கள்ளத் தம்பி, கேக் துண்டு எனக்கு ரெண்டு வேணும்" என்றாள் திரேசம்மா, அவர் தோளில் தட்டி.

"கேக்கும் இல்லை, கீக்கும் இல்லை!" என்று அமிர்தநாயகம் முழங்கினார்.

"வெக்கத்தைப் பாருங்கோவன்" என்றாள் அவள்.

சென்ற் பூசினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த மீசையை வைத்துக்கொண்டு, கொஞ்சுகிற ஆட்களின் சென்ற்றைப் பூசினேன் என்று எப்படிச் சொல்வது? அதற்குப் பதிலாக அரிப்புக்காரியைக் கட்டிவிடலாம் போல் இருந்தது. இதற்கிடையில் றோஸ்மேரி அவரைத் திரும்பியும் பாராமல் விறுவிறுவென்று போய்விட்டாள்.

மறுநாள் காலை அவள் வீட்டுக்குப் போனார். மேசையில் பயணப் பை பாதி நிரம்பிக் கிடந்தது.

"வாங்கோ மாப்பிள்ளை" என்றாள் றோஸ்மேரி. "கலியாண உடுப்புக்கு அளவு குடுக்க வந்தனீங்களோ? நான் போறதுக்கிடையில தைச்சுத் தாறன். பொம்பிளையின்ர அளவையும் குடுத்துவிடுங்கோ."

"பொம்பிளை இல்லை, ரீச்சர்."

"பொம்பிளை இல்லாமல் கேக்கோ?"

"கேக்கும் இல்லை."

"என்ர மூக்குப் பொய் சொல்லுதோ? இப்பவும் மணக்குது."

நான்கு வருடமாக ஒட்டிக்கொண்டிருந்த நாக்கு அன்றும் ஒட்டிக்கொண்டது. வேறு வழி தெரியாமல் அமிர்தநாயகம் மடியிலிருந்த போத்தலை எடுத்து, கையில் இருந்த கட்டாக் கருவாட்டின் மேல் இரண்டு தரம் அடித்து, அப்படியே அவள் முன்னால் நீட்டினார்.

றோஸ்மேரி குனிந்து மணந்தாள். கேக்கும் கருவாடும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு அவள் மூக்கில் ஏறின. கண்ணாடியைக் கழற்றினாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று இவர் பயந்தார். அவள் கதிரையில் விழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ மாதாவே! உந்தச் சென்ற்றையோ பூசிக்கொண்டு சிலுவைப்பாதைக்கு வந்தனீங்கள்? ஆருக்காக?"

"உங்களுக்காகத்தான்." வந்துவிட்டது. அக்கம்பக்கம் கேட்கும் குரலில் வந்துவிட்டது. "போகாதேங்கோ எண்டு கேக்கத்தான். என்னைக் கட்டுவீங்களோ எண்டு கேக்கத்தான். நாலு வருசமாக் கேக்கத்தான் வந்தனான்!"

வேலிக்கு அப்பால் யாரோ வாளியைக் கீழே போட்டார்கள்.

றோஸ்மேரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கருவாடு தந்ததெல்லாம் என்னைக் கட்டக் கேட்டதோ? விற்க முடியாத மீனை என்ர தலையில கட்டுறீங்கள் எண்டெல்லோ நான் நினைச்சனான்." பிறகு போத்தலை வாங்கி மெதுவாக மணந்து பார்த்தாள். லோறன்ஸ் கொண்டு வந்த கதையை அவர் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தார்.

"கடைக்காரி ஆளைப் பிழையாக் கணிக்கேல்லை" என்றாள். "தூரத்தில கருவாடு, கிட்ட வந்தால் கேக். ஆனா உங்களுக்குக் கிட்ட வர ஒரு மனிசருக்குத் துணிவு வேணுமே."

"அப்ப போகமாட்டியளோ?"

"போகத்தான் போறன்."

அவர் முகம் விழுந்தது.

"ஊர் முழுக்க கேக்குக்கு வாயைத் திறந்துகொண்டு நிக்குது. இஞ்ச சீனியும் இல்லை, பிளம்சும் இல்லை. நீர்கொழும்பிலதான் வாங்கவேணும். அக்காவுக்கும் ஒரு சொல்லுச் சொல்லத்தானே வேணும்?"

"வருவீங்கள்தானே?"

"ஓம்" என்றாள் அவள். சிரிக்காமல் சொன்னாள்.

உயிர்த்த ஞாயிறு முடிந்து, றோஸ்மேரி ஏறிய வாகனம் பாலப்பக்கம் மறைந்த பிறகும் அமிர்தநாயகம் தெருவிலேயே நின்றார். அந்த வழியால் வந்த திரேசம்மா விடவில்லை.

"என்ன தம்பி, பெருநாளும் முடிஞ்சுது. கேக் எங்க?"

"சாமான் வாங்கப் போயிருக்கிறா" என்றார் அமிர்தநாயகம். அப்போது அவர் முகத்தில் தோன்றியது சிரிப்புத்தான் என்று திரேசம்மா இன்றைக்கும் சத்தியம் செய்கிறாள்.