இளமதியின் ஜனங்கள்

ஸ்ரீமுஷ்ணத்துச் சின்ன மாமனாரிடம் விஷயத்தைச் சொல்லி முடித்த பிறகும் வைத்திலிங்கம் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"வர முடியலன்னா அத வாயால சொல்லிடுங்க மாமா."

அந்தப் பக்கம் இருமல். பெருமூச்சு. "இடுப்பு ஒடஞ்சி படுத்திருக்கறவன் எங்க மாப்ள வரப்போறேன். எங்களுக்காகக் காத்திருக்க வேணாம். எடுத்துடுங்க."

அந்த வார்த்தை வந்த பிறகுதான் போனைக் கீழே வைத்தார்.

சாவு சொல்வதில் மனிதர் அப்படி ஒரு கறார். ஒருத்தருக்கும் விட்டுப்போகக் கூடாது. வருகிறேன் என்றவர்கள் வந்து முகம் பார்க்காமல் எடுக்கக் கூடாது. வர முடியாதவர்கள் 'எடுத்துடுங்க' என்று தங்கள் வாயால் சொல்லியாக வேண்டும். செம்மங்குப்பத்துக் கெமிக்கல் கம்பெனி ஒன்றில் ஷிப்டு பார்த்த காலத்திலேயே, உறவில் ஒரு சாவு என்றால் லீவு போட்டுவிட்டு இவர்தான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சொல்லப் போவார். இன்றைக்குத் தன் ஒரே மகளின் சாவைத் தன் வாயாலேயே சொல்லிக்கொண்டிருந்தார். பாழாய்ப்போன விதி, வேறென்ன சொல்ல.

இளமதி விடியற்காலையில் போயிருந்தாள். முப்பத்தாறு வயது. புற்றுநோய் என்று தெரிந்து புதுச்சேரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து, கடைசியில் ஆஸ்பத்திரியிலேயே கைவிரித்து அனுப்பிவிட்டார்கள். அவள் அம்மா போய்ப் பல காலம் ஆகிறது. கடலூர் முதுநகரில் அந்த வீட்டில் இருந்தது அப்பனும் மகளும்தான். இப்போது கூடத்தில் ஃப்ரீசர் பெட்டிக்குள் அவள், பக்கத்தில் அவர்.

வாசலில் பந்தல் போட்டு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. உட்காரத்தான் ஆள் இல்லை. தெருக்காரர்கள் சிலர், அவரோடு வேலை பார்த்த கிழடுகள் இரண்டு மூன்று பேர். அவருடைய அக்கா அமிர்தம் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்து பெட்டியருகே உட்கார்ந்தாள்.

"நல்லது கெட்டதுக்கு வந்திருந்தா நாலு பேரு வருவாங்க. என் பேத்தி வளகாப்புக்குக் கூட எட்டிப் பாக்கல இவ. சிதம்பரத்துக்கு ரயிலேறிப் போறதும் வர்றதுமாவே வாழ்ந்துட்டா. கல்யாணமும் வேணாம்னுட்டா. இப்பப் பாரு, நாற்காலி பூரா காலியாக் கெடக்குது."

அமிர்தத்துக்கு வாய்தான் அப்படி. சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கு ஜனம் இருக்குதுக்கா" என்றார் வைத்திலிங்கம். "ஒலகம் பூரா இருக்குது."

இதை அவர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். டீக்கடையில், ரேஷன் கடையில், ரயிலடியில், கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும். மகள் சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி பண்ணுகிறாள் என்றால் என்ன ஆராய்ச்சி என்று கேட்பார்கள் அல்லவா? கடைக்கும் கம்பெனிக்கும் சரக்கு, பில், கணக்கு எல்லாம் பார்க்கிற கம்ப்யூட்டர் புரோகிராம்களைப் பற்றி. அதிலும் ஓப்பன் சோர்ஸ். யாரும் சும்மா எடுத்துப் பயன்படுத்தலாம், யாரும் உள்ளே பிரித்துப் பார்த்துத் திருத்தலாம். முகம் தெரியாத ஆட்கள் ஒன்றுகூடி, எவனும் கூலி கொடுக்காமல், எப்படிப் புதிதாக ஒன்றை உண்டாக்குகிறார்கள் என்பதுதான் அவள் கேள்வி. கேள்வியோடு நிற்காமல் அவளே அப்படி ஒரு புரோகிராமை ஆரம்பித்தும் வைத்தாள். கெடிலம் என்று ஊர் ஆற்றின் பெயரையே வைத்தாள். பண்ருட்டி முந்திரி மண்டிகளில் அதில்தான் சரக்கு பார்த்தார்கள்.

"எத்தன பேருடி உங்க கூட்டத்துல?" என்று அப்போது கேட்டிருக்கிறார்.

"நாப்பது பேருக்கு மேலப்பா. பிரேசில்ல ஒருத்தரு, போலந்துல ஒரு புருஷன் பொண்டாட்டி, கென்யால ஒரு வாத்தியாரு..." சொல்லச் சொல்ல அவள் முகம் பூரித்துக் கிடந்தது. அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது. அப்புறம் அவர் கேட்கவே இல்லை.

சிதம்பரத்திலிருந்து வந்திருந்த ரூமானா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். துறையில் இளமதியும் அவளும் ஒரே அறை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது இந்த வீட்டில் சாப்பிட்டுப் போகிறவள். வைத்திலிங்கம் அவள் பக்கம் திரும்பினார்.

"அவுங்களுக்குச் சொல்லியாச்சாம்மா?"

"யாருக்குப்பா?"

"அதான், அவ கூட்டாளிங்களுக்கு. கெடிலத்துக்காரங்களுக்கு."

ரூமானா ஒரு கணம் விழித்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். திரும்பி வந்து, "அவுங்க பொது விலாசத்துக்கு மெயில் போட்டுட்டேம்ப்பா" என்றாள்.

"என்ன சொன்னாங்க?"

"இன்னும்... அங்கல்லாம் ராத்திரிப்பா."

"சரி. எந்திரிச்சிப் பாக்கட்டும். காத்திருப்போம்."

காத்திருந்தார்கள். சுடுகாட்டு வண்டி வந்து தெருமுனையில் நின்றது. மேற்கே மேகம் கட்டிக்கொண்டு வந்தது. இளமதியின் தாய்மாமன் சுப்புராயன், கோடித் துணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளுக்கும் வாசலுக்கும் நடந்து பார்த்தார். பொறுக்க முடியாமல் கடைசியில் வந்து குனிந்தார்.

"மச்சான், இன்னும் யாரு வரணும்? கிள்ளையிலிருந்து கூட வந்துட்டாங்க."

"யாரும் வரவேணாம். ஒரு சொல்லு வரணும்."

"எவஞ் சொல்லு?"

வைத்திலிங்கம் சொன்னார். சுப்புராயனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் குரல் ஏறிவிட்டது.

"வெளையாடறீங்களா மச்சான்? பிரேசில்காரன் எடுத்துடுங்கன்னு சொல்லணுமா? அவனுக்கு என்ன மொறை தெரியும்?"

"அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமில்ல."

"நல்லா இருக்குது போங்க!" சுப்புராயன் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனார். புத்தி பேதலித்துவிட்டது என்று அமிர்தம் யாரிடமோ கிசுகிசுத்தது வைத்திலிங்கத்தின் காதிலும் விழுந்தது. விழட்டும்.

அவருக்குப் புத்தியெல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. பயம்தான் விடவில்லை. தெருவில் எவன் வீட்டுச் சாவானாலும் பாடைக்குப் பின்னால் எத்தனை தலை என்றுதான் பார்ப்பார்கள். அவரும் பார்த்திருக்கிறார். இவள் இந்தக் காலி நாற்காலிகளோடு போய்விட்டால், ஒண்டிக்கட்டையாக இருந்தாள், ஒண்டிக்கட்டையாகப் போனாள் என்று அதோடு முடித்துவிடுவார்கள். எங்கோ இருக்கிற ஒருவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவளும் பத்துப் பேருக்கு வேண்டியவளாக வாழ்ந்தாள் என்று ஆகிவிடும்.

தூறல் விழத் தொடங்கியது. ரூமானாவைக் காணோம். எழுந்து கொல்லைப்பக்கம் போனார். துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் சடாரென்று எழுந்தாள்.

"இன்னும் வரலப்பா."

"என் மூஞ்சப் பாத்துச் சொல்லும்மா."

அவளால் பார்க்க முடியவில்லை.

"அந்த விலாசத்துக்குப் போட்டா யாருக்கும் போகலப்பா. இளமதி அக்காவுக்குத்தான் போகுது. எனக்கு அப்பவே சந்தேகம். இருந்தாலும் பழைய ஆளுங்க யாராவது இருப்பாங்கன்னு நெனச்சேன். தனித்தனியாவும் போட்டுப் பாத்துட்டேன். பாதி திரும்பி வந்துடுச்சி. மீதிப் பேரு பாத்தாங்களான்னே தெரியல."

"நாப்பது பேருன்னாளே."

"இருந்தாங்கப்பா. ஒருத்தருக்கு வேலை மாறிடுச்சி, ஒருத்தருக்குக் கொழந்த பொறந்துச்சி. யாரும் சண்ட போட்டுக்கிட்டுப் போகல, அப்படியே நின்னுட்டாங்க. மண்டிக்காரங்களும் காசு குடுத்து வேற வாங்கிக்கிட்டாங்க. இப்ப கொஞ்ச வருஷமா அக்கா ஒருத்திதான். எழுதிக்கிட்டிருந்த கட்டுரையே அதப் பத்திதாம்ப்பா. ஆரம்பிக்கறவங்களப் பத்தி எல்லாரும் ஆராய்ச்சி பண்றாங்க, கடைசியா நிக்கறவங்களப் பத்தி எவனும் பண்ணலடின்னு சொல்லிச் சிரிப்பாங்க."

வைத்திலிங்கம் கல்லைப் பிடித்துக்கொண்டார்.

"தெனம் காலையில கதவ சாத்திக்கிட்டு தட்டிக்கிட்டே இருப்பாளே? அவுங்களோடதான் பேசறான்னு நான் காப்பி கூட குடுக்கப் போக மாட்டேனே. யாருக்கும்மா எழுதினா?"

"அவுங்களே கேள்வி எழுதி, அவுங்களே பதிலும் எழுதி வெச்சிருக்காங்கப்பா. பக்கம் பக்கமா. புதுசா யாராவது வந்தாப் புரியணும்னு."

தூறல் அவர் வழுக்கைத் தலையில் விழுந்துகொண்டிருந்தது. தெரிந்திருந்தால் கதவைத் தட்டியிருப்பாரே. ஒன்றும் புரியாவிட்டாலும் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாரே.

"பதில்னு ஒண்ணு மட்டும் வந்துச்சி" என்றாள் ரூமானா தயங்கித் தயங்கி. "நான் அனுப்பின ஒடனே வந்துடுச்சி. அக்கா ஆஸ்பத்திரிக்குப் போறப்ப, யாரு மெயில் போட்டாலும் தானாப் போற மாதிரி எழுதி வெச்சது. அதான் உங்ககிட்ட சொல்ல முடியல."

"படி."

"இங்கிலீஷ்ல இருக்குப்பா."

"தமிழ்ல சொல்லு."

ரூமானா போனைப் பார்த்துச் சொன்னாள். "உங்க சேதி கெடச்சிது. எனக்கு ஒடம்பு சரியில்ல. ஒடனே வர முடியல. எனக்காகக் காத்திருக்க வேணாம். இருக்கறவங்க பாத்து முடிச்சிடுங்க. இப்படிக்கு இளமதி."

"இன்னொருக்க சொல்லு."

அவள் சொன்னாள். பாதியில் குரல் உடைந்துவிட்டது. மீதியை அவர் கேட்கவில்லை. தோள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

கூடத்தில் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். சுப்புராயன் சண்டைக்குத் தயாராகத்தான் நின்றிருந்தார்.

"சொல்லு வந்துடுச்சி மச்சான். குளிப்பாட்டச் சொல்லுங்க, எடுத்துடலாம்."

"என்ன சொன்னாங்க?"

"காத்திருக்க வேணாமாம்."

இப்படி ஒன்று வரும் என்று சுப்புராயன் எதிர்பார்க்கவே இல்லை. அமிர்தம் பெட்டியின் மேல் கையை வைத்தபடி தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். குரலில் பழைய குத்தல் இல்லை.

"எத்தன பேருடா சொன்னாங்க?"

அடுக்களை வாசலில் ரூமானா வந்து நின்றிருந்தாள். வைத்திலிங்கம் அவள் பக்கம் திரும்பவில்லை.

"எல்லாருந்தாங்க்கா" என்றார்.

பிறகு சுவரோரம் குனிந்து, ஃப்ரீசர் பெட்டியின் பிளக்கைத் தன் கையாலேயே பிடுங்கினார்.