ஒரே புட்டியில்

டெங்குக் காய்ச்சலில் ஆம்பூர் வீட்டில் படுத்துக் கிடந்த சைரா, உடம்பு தேறி வேலூர்க் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பியதும் முதலில் குளிர்பெட்டியைத்தான் திறந்தாள். அவளுடைய சின்னக் குப்பிகள் ஒன்றையும் காணோம். அடித்தட்டில் பெரிய புட்டி ஒன்று இருந்தது. ஏலகிரி அடிவார ஓடையிலும் மலைமேலும் அவள் பிடித்து வந்த பட்டாம்பூச்சிகள் அத்தனையும் அதற்குள் ஸ்பிரிட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

கூட ஆராய்ச்சி செய்யும் நவநீதன் ஓடி வந்தான். "கரண்ட் போய்ப் போய் வந்துச்சு சைரா. குப்பியில ஸ்பிரிட்டும் வத்திப்போச்சு. கெட்டுடுமேன்னு எல்லாத்தையும் ஒண்ணா போட்டுப் புதுசா ஊத்தி வச்சேன். மேல ஒட்டியிருந்த சீட்டெல்லாம் உள்ளதான் இருக்கு."

சீட்டுகள் வெறும் வெள்ளையாக மிதந்தன. மை கரைந்துபோயிருந்தது.

ஓடைப் பூச்சியும் மலைப் பூச்சியும் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும். இரண்டும் வேறு வேறு வம்சமா என்று மரபணுதான் சொல்ல வேண்டும். ஒன்றின் துளி இன்னொன்றில் ஒட்டிவிடக் கூடாதென்று, ஒவ்வொரு பூச்சிக்கும் இடுக்கியை நெருப்பில் காட்டிய பிறகே எடுத்தவள் அவள்.

மனசு கேளாமல் பத்துப் பூச்சிகளின் கால்களை வெட்டி மரபணுச் சோதனைக்கு அனுப்பினாள். முடிவைப் பார்த்த பேராசிரியர் மேகலா கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாத்துலயும் எல்லாம் கலந்திருக்கும்மா. எது எங்க பிடிச்சதுன்னும் தெரியல. இத வச்சு ஒண்ணும் எழுத முடியாது. மறுபடி பிடிக்க முடியுமான்னு பாரு."

மறுநாளே வலையோடு கிளம்பினாள். நவநீதனும் கூடவே வந்தான். ஓடை இருந்த இடத்தில் செம்மண் கொட்டி மட்டமாக்கி மனைக்கல் நட்டிருந்தார்கள்.

காவலுக்கு இருந்த பஞ்சாட்சரம் எழுந்து வந்தார். "இன்னா தேடுறீங்கம்மா?"

"இங்க ஓடையோரம் பட்டாம்பூச்சி நெறைய இருக்கும்..."

"இருந்துச்சு. பொங்கலுக்கு முன்னாடியே செடியெல்லாம் வாரிட்டாங்க. அது தின்ற எலையே இல்லாம எங்கேர்ந்து வரும்?"

அப்படியும் வெயில் ஏறும்வரை நின்றார்கள். ஒன்றுகூட வரவில்லை.

திரும்பும் பஸ்ஸில் நவநீதன் மெதுவாகச் சொன்னான்: "என்னைய நாலு வார்த்த திட்டிடேன் சைரா."

"திட்டுனா வந்துடுமா?"

அவன் நல்லது நினைத்துத்தான் செய்தான். அதனால் அவளுக்குக் கோபப்படவும் வழியில்லை. ஜோலார்பேட்டை தாண்டும்போது மேகலாவிடமிருந்து போன் வந்தது.

"கெடச்சுதாம்மா?"

"இல்ல மேடம். ஓடையத் தூத்துட்டாங்க. மலைப் பூச்சிய மட்டும் வச்சு எதோட ஒப்பிடுறது?" என்றாள்.