ஒரு பிழைக்கு ஒரு படிவம்

சனிக்கிழமை காலை அவள் லேப்டாப்பைத் திறந்தபோது நூற்றுப்பன்னிரண்டு திருத்தங்கள் வரிசை கட்டி நின்றன. பார்த்ததுமே தலை கனத்தது. வாரம் முழுக்க ஆபீஸில் மாடாய் உழைத்த பிறகு இந்த இலவச உத்தியோகம் வேறு.

அது சின்ன நூலகங்களுக்கான ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம், வரிசையில் என்ன நிற்கிறது என்றும் பார்க்கலாம். வந்ததைப் பார்த்துச் சேர்ப்பதும் தள்ளுவதும் அவள் பொறுப்பு. ஆறு வருஷத்துக்கு முன் ஏதோ ஒரு வேகத்தில் தலையைக் கொடுத்தாள். கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, அவள் மட்டும் வசமாக மாட்டிக்கொண்டாள். அதன் கையேட்டில் எழுத்துப்பிழைக்குப் பஞ்சமே கிடையாது. பாதி அவளே அவசரத்தில் அடித்தது.

இந்த மாதம் ஏதோ ஒரு கம்பெனி போட்டி வைத்திருந்தது. எந்தக் கையேட்டிலாவது பத்துத் திருத்தம் செய்தால் ஒரு டி-ஷர்ட். அவ்வளவுதான், ஊர்ப்பட்ட ஜனம் கிளம்பிவிட்டது. ஒருவன் முற்றுப்புள்ளியை எடுத்துவிட்டு அனுப்புவான். இன்னொருவன் அதே புள்ளியைத் திரும்ப வைத்து அனுப்புவான்.

அன்றைய வரிசையில் முப்பத்தேழு ஒரே ஆளிடமிருந்து வந்திருந்தது. 'பழையவர்' என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தார் அந்த மகானுபாவர். முப்பத்தேழு எழுத்துப்பிழை, முப்பத்தேழு தனித்தனித் திருத்தம். எல்லாவற்றையும் ஒரே கட்டாக அனுப்பியிருக்கலாம். எண்ணிக்கையை ஏற்றுவதற்கென்றே பிய்த்துப் பிய்த்து அனுப்பியிருப்பதாக அவளுக்குப் பட்டது. ஒன்றைக்கூடத் திறந்து படிக்கவில்லை. மொத்தமாகத் தள்ளிவிட்டு, "டி-ஷர்ட் வேண்டுமானால் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் நேரத்தை வீணடிக்காதீர்கள்" என்று எழுதி, இனி அந்தப் பக்கமே வரமுடியாதபடி தடையும் போட்டாள். கொஞ்ச நேரம் நிம்மதியாகக்கூட இருந்தது.

மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் அவளும் மாமனாரும் மட்டும்தான். கணவன் வேலை விஷயமாக வெளியே போயிருந்தான். மாமியார் போன பிறகு மாமனார் இங்கே வந்து எட்டு மாதமாகிறது. மின்சார அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் முப்பத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தவர். "சாப்டீங்களா மாமா", "ஆச்சும்மா" என்பதைத் தாண்டி இருவருக்கும் பெரிதாகப் பேச்சு ஓடியதில்லை. அன்று அவராகவே ஆரம்பித்தார்.

"ஏம்மா, உங்க வேலையில ஒருத்தர வேணாம்னு தள்ளிட்டா, அவர் மறுபடி அனுப்பலாமா?"

"தடை போட்டுட்டா முடியாது மாமா. அந்த மாதிரி ஆளுங்க திரும்ப வராம இருக்கறதே நல்லது."

"அதுவும் சரிதான்," என்றார் அவர். தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இவருக்கு எதற்கு இந்தக் கேள்வி என்று யோசிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

தண்ணீர் எடுக்கப் போனபோது ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த சீட்டுகள் கண்ணில் பட்டன. எல்லாம் மாமனாரின் கைங்கரியம். "எண் 1. குளியலறைக் குழாய் சொட்டுகிறது." பக்கத்திலேயே இன்னொன்று, "எண் 2. குளியலறை பல்பு மினுக்குகிறது." ரெண்டையும் ஒரே சீட்டில் எழுதினால் என்ன குறைந்துவிடும் என்று கணவனிடம் அவள் முணுமுணுத்ததுண்டு. "ஒரு புகாருக்கு ஒரு படிவம். சேத்து எழுதினா ஒண்ணு சரியானதும் இன்னொண்ணு காணாமப் போயிடும்னு அப்பா சொல்வார்" என்று அவன் சிரித்திருக்கிறான்.

கையில் பாட்டிலோடு அப்படியே நின்றாள். போன வாரம் கணவன் தன் அப்பாவுக்குக் கம்ப்யூட்டரில் என்னவோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது இப்போதுதான் உறைத்தது.

திரும்பி வந்து, தள்ளிய திருத்தங்களில் முதலாவதைத் திறந்தாள். "எண் 1. பக்கம் 4, வரி 11. ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. சரிசெய்யப்பட்டது." கடைசி, எண் 37, பக்கம் 203. அந்தக் கையேட்டை முதலிலிருந்து கடைசிவரை யாருமே படித்ததில்லை. அவள் கணவன் படித்ததில்லை. அவளே படித்ததில்லை. மருமகள் என்ன வேலை செய்கிறாள் என்று தெரிந்துகொள்ள இந்த மனுஷர் படித்திருக்கிறார். அவரைப் போய்க் கடைக்குப் போகச் சொல்லியிருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மன்னிப்புக் கேட்டால், "பரவால்லம்மா" என்பார். அதோடு சரி, இனி ஒரு வரி அனுப்பமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு முப்பத்தேழையும் சேர்த்தாலும் கண்டுபிடித்துவிடுவார். படிக்காமல் போட்ட கையெழுத்துகளை முப்பத்தாறு வருஷம் பார்த்தவர் அவர். அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். ஒன்றரை மணி நேரம் பிடித்தது. முப்பத்தைந்து சரி, இரண்டு தப்பு.

தடையை நீக்கி, முப்பத்தைந்தையும் சேர்த்துவிட்டு எழுதினாள்: "எண் 12, எண் 29 இரண்டும் சரியில்லை. மறுபடி பார்த்து அனுப்பவும். மற்றவை சேர்க்கப்பட்டன. காலையில் படிக்காமலே தள்ளியது என் தப்பு."

சுவருக்கு அந்தப் பக்கம்தான் மாமனாரின் அறை. அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். வெகுநேரம் கழித்து நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது. பிறகு ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிற சத்தம். எண் 12 வந்தது. கால் மணி கழித்து, தனியாக, எண் 29 வந்தது. இரண்டும் சரியாக இருந்தன.

கதவு திறந்தது. மூக்குக் கண்ணாடியோடு மாமனார் வந்து நின்றார்.

"வரிசையில இன்னும் எழுபத்தஞ்சு நிக்குதேம்மா. நான் பிரிச்சுத் தரட்டுமா? எது புகார், எது வம்புன்னு பாத்தாலே தெரிஞ்சிடும்."

ஆறு வருஷத்தில் ஒருவரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை. பக்கத்து நாற்காலியில் மடிக்காமல் கிடந்த துணியை அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு, லேப்டாப்பை அவர் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்தாள்.