ரெமியின் கடிகாரம் நிற்பதில்லை

ரெமியின் கடிகாரம் மட்டும் நிற்பதே இல்லை. அந்த வருஷம் முழுக்க கடிகாரத்துக்குப் பேர்போன மலைப் பள்ளத்தாக்கிலிருக்கும் லெ சாந்தியே ஊரில் அந்தக் கூட்டத்துக்கு இதுதான் பேச்சு, இதுதான் வயிற்றெரிச்சல்.

கூட்டம் என்றால் பெரிய கூட்டமில்லை. ரெமி, எத்கார், சொலாஞ் என்று மூன்று பேர், கூடவே ரெமியின் மனைவி ஜோசியான். மாதத்தின் முதல் ஞாயிறு மதியம் எத்கார் வீட்டில் சாப்பாடு. மரப்பெட்டியோடு அடுப்பில் வைத்து உருக்கிய வஷ்ரான் பாலாடைக்கட்டி, தோலோடு வெந்த உருளைக்கிழங்கு, வெள்ளை வைன். தட்டெடுத்ததும் மேஜையில் ஒரு துணியை விரித்து மூவரும் கடிகாரத்தைக் கழற்றி வைப்பார்கள். மூன்றும் ஒரே வகை. எண்பதுகளில் இதே பள்ளத்தாக்கில் செய்தது, பிஸ்கட்டைவிட மெல்லிசு. முகப்பில் ஒரு சின்ன ஜன்னல். அதற்குள் ஒரு குட்டிக் கூண்டு, கடிகாரத்துக்கு நாடி போலத் துடிக்கிற சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு சுற்றியபடியே இருக்கும். அந்தக் கூண்டுக்குத்தான் டூர்பியோன் என்று பெயர். தினமும் சாவி கொடுக்க வேண்டியதில்லை. கையை வீசி நடந்தால் உள்ளே இருக்கும் எடைக்கட்டி இப்படியும் அப்படியும் ஆடித் தானே சாவி ஏற்றிக்கொள்ளும்.

ஏற்றிக்கொள்ளும் என்று சொல்லித்தான் விற்றார்கள். இத்தனை மெல்லிசான உடம்புக்குள் எவ்வளவு பெரிய எடையை வைத்துவிட முடியும்? வேலையெல்லாம் முடித்து வீட்டோடு இருக்கிறவர் கையில் கட்டினால் மறுநாள் மதியத்துக்குள் நின்றுவிடும். பின்புறத்தில் ஒரு சின்னச் சக்கரம் உண்டு, விரலால் திருகி ஓட வைக்கலாம். ஆனால் இவர்களுக்குள் அது மானக்கேடு. கை வீச்சில் ஓடினால் ஓடட்டும், இல்லாவிட்டால் நிற்கட்டும், விரலால் திருகுகிறவன் ஏமாற்றுக்காரன். இந்தச் சட்டத்தை யார் போட்டார்களோ, மூவரும் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள்.

எத்காருடையது நிற்கும். மர அறுவை மில்லை விற்றுவிட்டு நாற்காலியே கதி என்று கிடக்கிறவன் கையில் அது வேறென்ன செய்யும்? சொலாஞ் லோசான் நகரத்தில் பல் டாக்டர். நாளெல்லாம் ஊராரின் பல்லைக் குடைந்தும் அவளுடையது நின்றது. ரெமியுடையது மட்டும் ஓடியது. இத்தனைக்கும் அவன் ஓடியாடுகிற ஆளே இல்லை. கடிகாரத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், ஜன்னலோரம் உட்கார்ந்து உறைந்துகிடக்கும் ஏரியைப் பார்ப்பதுதான் அவனுக்குப் பொழுதுபோக்கு. ஏரிக்கரையில் இருந்த படகுக் கொட்டகையை விற்றுத்தான் இதை வாங்கினான். செய்ததிலேயே நல்லது தன் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று தலைகால் புரியாத பெருமை அவனுக்கு. மற்ற இருவரின் கடிகாரங்களைப் பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் விடுகிறவனும் அவன்தான். வேறு யாரையும் அவர்கள் தொட விடுவதில்லை. அந்த வேலை இருப்பதால்தான் இந்த மனுஷன் காலையில் எழுந்திருக்கிறான் என்று ஜோசியான் நினைத்துக்கொள்வாள். சில நாள் அவளுக்கு அதில் பொறாமைகூட வரும்.

பிப்ரவரி ஞாயிறில் எத்கார் வாயை விட்டான். வைன் கொஞ்சம் கூடுதலாக உள்ளே போயிருந்தது.

"கை கழுவறேன்னு பாத்ரூமுக்குள்ள போறியே, அங்க வச்சுத் திருகற. ஒத்துக்கடா."

ரெமிக்கு முகம் சிவந்துவிட்டது. ஜோசியானுக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. சீட்டாட்டத்தில் எதிராளியின் சீட்டு தவறிக் கண்ணில் பட்டுவிட்டால், ஆட்டத்தையே கலைத்துப் போடச் சொல்கிறவன் ரெமி. அவனைப் போயா?

"மாத்திக் கட்டிப் பாருங்க," என்றாள். "உன்னோடது அவன் கையில, அவனோடது உன் கையில, ஒரு மாசம். அது உன் கையிலயும் ஓடுச்சுன்னா, இதே மேஜையில நீ மன்னிப்புக் கேக்கணும்."

"நின்னுபோச்சுன்னா?"

"நின்னா அவன் ஏமாத்துக்காரன்னு ஊருக்கே சொல்லிக்கோ."

புருஷனின் நல்ல பேரை யோசிக்காமல் கொள்ளாமல் பந்தயத்தில் வைத்துவிட்டாள். கடிகாரங்கள் கை மாறின, சொலாஞ் நடுவரானாள்.

அன்றிலிருந்து ஜோசியான் வீட்டில் போலீஸ் வேலை பார்த்தாள். பாத்ரூம் கதவைச் சாத்த விடவில்லை. படுக்கப் போகும்போது அவனே கடிகாரத்தைக் கழற்றி அவளிடம் கொடுத்தான். அவன் விரல் பின்புறச் சக்கரத்தின் பக்கமே போகவில்லை. ஆனால் எத்கார் கையில் செத்துச் செத்துப் பிழைத்த அந்தக் கடிகாரம் ரெமி கையில் ஒரு தடவைகூட நிற்கவில்லை. முதலில் அவளுக்குச் சந்தோஷம். பிறகு ஏதோ இடித்தது. இதுவும் ஓடுகிறது என்றால், காரணம் கடிகாரத்தில் இல்லையே.

ஒரு சாயங்காலம் காபி எடுத்துக்கொண்டு போனவள் அப்படியே நின்றாள். ரெமி ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மடியில் கிடந்த இடது கையில் கட்டைவிரல் ஆள்காட்டி விரல்மேல் உருண்டுகொண்டே இருந்தது, ஒரு பட்டாணியை வைத்து உருட்டுகிற மாதிரி. கடிகாரம் கட்டிய மணிக்கட்டும் அதோடு ஆடியது. தாளம் போடாதே என்று இந்தக் கைக்காகத்தான் அவள் எத்தனையோ தடவை எரிந்து விழுந்திருக்கிறாள். நினைக்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"எவ்வளவு நாளா இப்படி?"

ரெமி கையைத் தொடைக்கு அடியில் தள்ளிக்கொண்டான். போன வருஷத்திலிருந்து என்றான். சும்மா இருக்கும்போதுதான் ஆடுகிறது, இடுக்கியை எடுத்தால் நின்றுவிடுகிறது என்று சொன்னான். பிறகுதான் அவனுக்கே உறைத்தது. மணிக்கட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்ப என்னோடது ஒண்ணும் நல்ல கடிகாரம் இல்லையா?"

அவள் காபியை ஜன்னலோரம் வைத்தாள். நாளைக்கே டாக்டரிடம் போகலாம் என்றாள். போகலாம், ஆனால் எத்கார், சொலாஞ் காதுக்குப் போகக் கூடாது என்றான் ரெமி.

"தெரிஞ்சா ரெண்டு பேரும் கடிகாரத்தை எங்கிட்டத் தர மாட்டாங்க. ஆடற கையில யாரு குடுப்பா? வேற என்ன இருக்கு எனக்கு?"

மார்ச் ஞாயிறு வந்தது. தட்டெடுப்பதற்குள்ளேயே எத்கார் ஆரம்பித்துவிட்டான். ரெமியின் கடிகாரம் தன் கையில் மறுநாளே மண்டையைப் போட்டதாம். கட்டும்போதெல்லாம் அதே கதையாம். சிரிப்பு அவனுக்குத் தாங்கவில்லை.

சொலாஞ் நடுவர் முறையில் ரெமி கழற்றி வைத்ததை எடுத்துக் காதில் வைத்தாள். ஓடியது. புருவம் சுருங்கியது.

"இது எப்படி ஓடுது? எத்கார், உன்னோடது ஓடவே ஓடாதே. ரெமி கையில மட்டும் ரெண்டுமே ஓடுதுன்னா..."

பல் டாக்டரானாலும் டாக்டர்தான். இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் நோயைக் கண்டுபிடித்துவிடுவாள் என்று ஜோசியானுக்குத் தெரிந்தது.

"நான்தான் திருகினேன்," என்றான் ரெமி. "ரெண்டையும். என்னோடதை வருஷம் பூரா. எத்கார் சொன்ன மாதிரி பாத்ரூம்லதான்."

தடுமாறாமல் சொன்னான். அவன் வாயிலிருந்து ஜோசியான் கேட்ட முதல் பொய் அதுதான். சொலாஞ், சீ, இவ்வளவுதானா என்பதுபோல் கடிகாரத்தைக் கீழே வைத்தாள். இல்லை, அவன் தொடவே இல்லை, நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது ஜோசியானுக்கு. கத்தினால் அவனிடம் மிச்சமிருக்கும் வேலையும் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எத்கார் இப்போது சிரிக்கவில்லை. அவன் கண் துணிமேல் கிடந்த ரெமியின் இடது கையில் நின்றுவிட்டது. கட்டைவிரல் உருண்டுகொண்டிருந்தது. அவன் அண்ணனுக்கும் நடுக்குவாதம் இப்படித்தான் ஆரம்பித்தது. கடைசி வருஷங்களில் அண்ணனுக்குக் கரண்டியால் ஊட்டிவிட்டதே எத்கார்தான். மெல்ல ஜோசியானைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்கு அப்பவே தெரியும்டா, திருட்டுப்பயலே," என்றான்.

பிறகு தன் கடிகாரத்தை எடுத்தான். கையில் கட்டிக்கொள்ளாமல் துணிமேலேயே ரெமி பக்கம் நகர்த்தினான். உள்ளே அழுக்குச் சேர்ந்திருக்கிறது, முழுக்கப் பிரித்து எண்ணெய் விட்டுக் கொடு, அவசரமில்லை என்றான்.

சொலாஞ் சிரித்துவிட்டாள். "ஏமாத்துக்காரன்னு இப்பத்தான் ஒத்துக்கிட்டான். அவன்கிட்டயேவா குடுக்கற?"

"வேற யாருகிட்டக் குடுப்பேன்?" என்றான் எத்கார்.

ரெமி அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். பிறகு கடிகாரத்தை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றினான்.