கொடி விழும் வரை

"கிளட்ச்னா அது பிடிச்சா விடக்கூடாது," என்றார் அத்தான். "போன தடவை மலையில பாதி வழியிலேயே வழுக்கிடுச்சு. அந்தக் கருகின வாடை இன்னும் என் சட்டையில இருக்கு."

"துவைச்சாப் போகும்," என்றாள் அக்கா.

"வாடை போகும். பந்தயத்துல போன மானம்?"

"அது உங்க மானம் இல்லையே. ஓட்டினது நான்தானே."

பட்டறை தம்பியுடையது, கார் அக்காவுடையது, அபிப்பிராயங்கள் மட்டும் எப்போதும் அத்தானுடையவை. கப்பலில் வந்த பழைய வெளிநாட்டு வண்டி, வெள்ளை நிறம், இரண்டே கதவு. வீட்டில் அதற்குச் சீமாட்டி என்று பெயர். மலைப்பாதைப் பந்தயத்தில் அக்கா ஓட்டுவாள். பக்கத்து இருக்கையில் அத்தான் அடுத்த வளைவைச் சொல்லிக்கொண்டே வருவார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். சீமாட்டியின் எஞ்சினுக்குப் புது பலம் ஏற்றியபின் பழைய கிளட்ச் அதைத் தாங்கவில்லை. அடுத்த பந்தயம் வருகிற ஞாயிறு.

தம்பி மேசைமேல் இரண்டு கிளட்ச் தட்டுகளை வைத்தான்.

"இது கம்பெனி மாடல். மெத்துனு இருக்கும், ஆனா தாங்காது. இது பந்தய கிளட்ச். மேல அழுத்துற தட்டும் கனம். எஞ்சின் என்ன குதி குதிச்சாலும் வழுக்காது. ஆனா பெடலை மிதிக்க..." அவன் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் அத்தானைப் பார்த்தான். "கொஞ்சம் கால் வேணும்."

"உங்க அக்காவுக்குக் கால் இல்லையா என்ன?" என்றார் அத்தான்.

அக்காவின் இடது முழங்கால் போன மழைக்காலத்திலிருந்தே சரியில்லை. மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்வதை யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தாள். முட்டி வலி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், 'அப்ப நான் ஓட்டுறேன், நீ பக்கத்துல உக்காரு' என்பார். வாங்கிய இருக்கையைத் திருப்பித் தருகிற மனிதர் இல்லை.

"எனக்கென்ன, மாட்டுடா," என்றாள்.

"மிதிச்சுப் பார்த்துட்டுச் சொல்லேன்," என்றார் அத்தான். "அதோ பல் டாக்டரோட சிவப்பு வண்டி நிக்குது. சீமாட்டியோட கூடப்பிறந்தது. அதுல இதே கிளட்ச்தானேடா மாட்டியிருக்கே?"

"ஆமா அத்தான். ஆனா கை பிரேக் கம்பியைக் கழட்டி வெச்சிருக்கேன்."

"பந்தயத்துல கை பிரேக் போட்டுக்கிட்டா நிக்கிறோம்?"

பந்தயக் கோட்டில் முதல் கியரைப் போட்டு, கிளட்சை முழுக்க மிதித்தபடி காத்திருக்க வேண்டும். கொடிக்காரர் அவசரப்படுகிற ஆள் இல்லை. மூக்கைச் சொறிந்துவிட்டுத்தான் கொடியைத் தாழ்த்துவார். அதற்குள் வண்டி ஒரு விரற்கடை நகர்ந்தாலும் அந்த வருஷம் அதோடு சரி.

அக்கா சிவப்புக் காரில் ஏறினாள். எஞ்சினைக் கிளப்பினாள். பெடல் சுவரை மிதிப்பதுபோல இருந்தது. பல்லைக் கடித்துத் தரைவரை அழுத்தினாள். முதல் கியர் விழுந்தது.

"கொடி நான்தான்," என்று தம்பி ஓரமாக நின்று எண்ணெய்த் துணியை உயர்த்தினான். "நான் இறக்கினதும் விடு."

அந்த நேரம் பார்த்து அத்தான், அலமாரியிலிருந்து எடுத்த ஒரு நீல ஸ்பிரிங்கோடு காருக்கு முன்னால் வந்தார். பின்னால் வேலைமேசை, முன்னால் பம்பர், நடுவில் அவர்.

"இந்த வண்டியில முன்னாடி என்ன ஸ்பிரிங் போட்டிருக்குன்னு பார்க்கலாம்," என்று குனிந்தார். "நீலமா, கறுப்பா?"

"என்னங்க, தள்ளுங்க!"

"நீ மிதிச்சுக்கிட்டுத்தானே இருக்கே?"

அக்கா வலது காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்துப் பிரேக்கில் வைத்தாள். இருந்தாலும் இந்த கிளட்ச் மெதுவாக விடத் தெரியாதது. கால் நழுவினால் பிரேக்கையும் மீறி ஒரு ஜாண் துள்ளிவிட்டுத்தான் எஞ்சின் அணையும். அந்த ஒரு ஜாணுக்குள்தான் அவருடைய கால்கள் இருந்தன.

"நீலம்தான்டா," என்றார் அத்தான் நிதானமாக. "கல்லு மாதிரி ஸ்பிரிங். சீமாட்டிக்கும் இதையே போட்டுடு."

"அத்தான், அப்புறம் பேசலாம்," தம்பியின் குரல் உயர்ந்தது. துணி மட்டும் இறங்கவில்லை.

முட்டிக்குள் யாரோ ஆணியைத் திருகுவது போலிருந்தது. தொடை உதறத் தொடங்கியது. நியூட்ரலுக்குத் தள்ளினால் முடிந்தது. ஆனால் தள்ளினால், முடியவில்லை என்று அவளே சொன்னதாகிவிடும். கொடி விழவில்லை. வியர்வை கண்ணில் இறங்கியது. கண்ணாடிக்கு அப்பால் அவருடைய வழுக்கைத் தலை தெரிந்தது.

பெடல் அரை விரல் மேலே வந்தது. வண்டி முனகியது.

அக்கா கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாள்.

அத்தான் நிமிர்ந்தார். "ஏன், கொடி விழலையே?"

அக்கா எஞ்சினை அணைத்தாள். இறங்கியதும் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"முட்டி வலி," என்றாள். "போதுமா?"

"எனக்குத் தெரியும். படியிறங்கும்போது பார்க்கிறேனே. நீயா சொல்லுவேன்னு பார்த்தேன், சொல்லலை."

"அதுக்காகத் தெரிஞ்சேதான் முன்னாடி வந்து நின்னீங்களா?"

அத்தான் ஸ்பிரிங்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"நான் வீம்பு பிடிச்சிருந்தா?"

அவர் பம்பருக்கும் மேசைக்கும் நடுவிலிருந்து விலகி வந்தார். பட்டறையில் எங்கோ காற்றுக்குழாய் ஒன்று சீறிக்கொண்டிருந்தது.

"சரி, இந்த ஞாயிறு நான் ஓட்டுறேன்," என்றார் கடைசியில். "எனக்குக் கால் நல்லாத்தான் இருக்கு."

"ஓட்டுங்களேன். முதல்ல உக்காந்து மிதிங்க."

அவர் உட்கார்ந்தார். கிளப்பினார், மிதித்தார், முதல் கியரைப் போட்டார். "பாரு, எவ்வளவு லேசா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். அக்கா நொண்டிக்கொண்டே சுற்றிப் போய் மேசைக்கும் பம்பருக்கும் நடுவில் நின்றுவிட்டாள்.

"தள்ளு."

"கொடி விழட்டும்."

"விளையாடாதே, தள்ளு!"

"உங்களுக்குத்தான் கால் நல்லாருக்கே. டேய், துணியைத் தூக்குடா."

"அக்கா, வேணாம்..."

"தூக்குடான்னா!"

தம்பி துணியை உயர்த்துவதற்குள் கியர் டொக்கென்று நியூட்ரலுக்குப் போய்விட்டது. எஞ்சினும் அணைந்தது. அத்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"நானாவது கொஞ்ச நேரம் மிதிச்சேன்," என்றாள் அக்கா.

தம்பி துணியைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனான். திரும்பியபோது பிரிக்காத அட்டைப்பெட்டி ஒன்று கையில் இருந்தது.

"நடுத்தரமா ஒண்ணு இருக்குக்கா. தட்டுல நல்ல பிடிப்பு, பெடல் பழசை விடக் கொஞ்சம்தான் கனம். ஆனா ஒரு விஷயம். கிளம்பும்போது குதிக்க வெச்சீங்கன்னா இதுவும் கருகும். பதமா விடணும். அதுல ஒரு நொடி ரெண்டு நொடி போகும்."

"இவ்வளவு நேரம் எங்கேடா இருந்துச்சு இது?"

"அத்தான்தான்... காட்ட வேணாம்னாரு."

"நீயும் சேர்ந்துக்கிட்டே."

"கனமானதை மிதிச்சாத்தான் வலின்னு நீயே சொல்லுவேன்னாரு. எல்லாம் உன் முட்டிக்காகன்னாருக்கா."

"ஓஹோ, என் முட்டிக்கு ஊரே கவலைப்பட்டிருக்கு. என்னைத் தவிர எல்லார்கிட்டயும் பேசியாச்சு." அவள் நீல ஸ்பிரிங்கைப் பார்த்தாள். "அதை வெச்சா ஒவ்வொரு குழியும் நேரா முட்டிக்குத்தான் வரும், இல்லே?"

"ஆமாக்கா. கறுப்பு கொஞ்சம் மெத்துனு இருக்கும். அதைப் போட்டு, ஷாக் அப்சார்பரை மட்டும் நல்லதா மாத்தினா வளைவுல வண்டி சாயும். ஆனா சொன்னபடி கேட்கும்."

"வண்டியாவது கேட்கட்டும். இந்த கிளட்சையும் கறுப்பு ஸ்பிரிங்கையும் போடு. மாட்டினதும் வந்து மிதிச்சுப் பார்க்கிறேன். முடியலைன்னா நானே சொல்லி, சாவியைக் கொடுத்துடறேன்."

"சொல்லுவியா?" என்று காருக்குள்ளிருந்து கேட்டார் அத்தான்.

"நீங்க முன்னாடி வந்து நிக்கலைன்னாச் சொல்லுவேன்."

அவர் மெல்ல இறங்கி, நீல ஸ்பிரிங்கை எடுத்த அலமாரியிலேயே வைத்தார். அக்கா வாசலை நோக்கி நடந்தாள், இந்தத் தடவை மறைக்காமல், நன்றாகவே நொண்டிக்கொண்டு. அத்தான் பின்னாலேயே வந்து கையை நீட்டினார். அவள் உடனே பிடித்துக்கொள்ளவில்லை. படி வந்தபிறகுதான் பிடித்தாள்.